எண்ணில் அடங்கும் ஆபத்து, எண்ணில் அடங்காத அச்சம்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் சில நொடிகளிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். நாடே துக்கத்தில் ஆழ்ந்தது. அந்தத் துக்கம் முற்றிலும் நியாயமானது.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் இறந்தார்கள். அகமதாபாத்தில் இறந்தவர்களைவிட அதிகமானவர்களை நம் சாலைகள் ஒவ்வொரு நாளும் பறிக்கின்றன. ஆனாலும் விமானத்தில் ஏறும்போது நெஞ்சு படபடக்கும் அதே மனிதர், பைக்கில் ஏறும்போது ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். ஹெல்மெட் அணியாமல் 2022-இல் இறந்தவர்கள் மட்டுமே 50,029 பேர்.

மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். பல நிபுணர்கள் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி வேறொரு படத்தைக் காட்டுகிறது. ஆபத்தை எடைபோடும்போது நாம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறோம். எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பது ஒன்று. இதை என் மேல் சுமத்தியது யார், தடுக்க என்னால் முடியுமா, என் பிள்ளைகள் வரை தொடருமா என்று கேட்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எண் பதில் சொல்லும். மற்றக் கேள்விகளுக்கு எண்ணால் மட்டும் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் அரசும் மக்களும் ஒருவரோடொருவர் பேச முடியாமல் போகிறது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளும் நேர்கின்றன.

எண் எப்படிக் கிடைக்கிறது?

நிபுணர்களின் கணக்கு எளிமையானது. ஒரு தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு சேதம் என்ற இரண்டையும் பெருக்குவார்கள். பிறகு அதை ஏதாவது ஓர் அளவால் வகுப்பார்கள்: ஒரு லட்சம் மக்களுக்கு இத்தனை, நூறு கோடி கிலோமீட்டர் பயணத்துக்கு இத்தனை, இத்தனை யூனிட் மின்சாரத்துக்கு இத்தனை என்று. எதனால் வகுக்கிறோம் என்பது முக்கியம். ஆனால் எதனால் வகுத்தாலும் சில ஒப்பீடுகளில் விடை மாறுவதில்லை.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். நூறு கோடி யூனிட் மின்சாரத்தை நிலக்கரியில் உற்பத்தி செய்தால் ஏறத்தாழ 24 பேர் இறக்கிறார்கள் என்று 2007-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இறப்பது விபத்தில் அல்ல, புகையால் வரும் நெஞ்சு நோய்களிலும் இதய நோய்களிலும். செர்னோபில், ஃபுகுஷிமா இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அதே அளவு அணுமின்சாரத்துக்கு விழும் சாவு ஒன்றில் ஒரு சிறு பின்னம்தான், ஏறத்தாழ 0.03 என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

இருந்தும் அனல் மின் நிலையம் என்றதும் வராத நடுக்கம் அணுமின் நிலையம் என்றதும் வருகிறது. எண்ணூரில் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றைப் பற்றி அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். வெளியில் இருப்பவர்களை அது அதிகம் உலுக்குவதில்லை. புகையால் இறப்பவரின் இறப்புச் சான்றிதழில் மின் நிலையத்தின் பெயர் இருக்காது. அவர் எந்த ஊர்க்காரர், எந்த நாளில் இறந்தார் என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. அளக்க முடிந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்கு முன் நிற்கும் ஆபத்தின் அளவோ சிறியது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அச்சம் எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கிறது?

1969-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார், 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தானாக விரும்பி ஏற்கும் ஆபத்துக்கும் பிறர் சுமத்தும் ஆபத்துக்கும் மக்கள் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை என்பது அவர் கண்டது. விரும்பி ஏற்பதாக இருந்தால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை பெரிய ஆபத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கணக்கிட்டார். பைக் ஓட்டுவது என் முடிவு. பக்கத்தில் ஓர் ஆலை வருவது என் முடிவு அல்ல.

அதற்குப் பின் ஓரிகன் மாநிலத்தில் பால் ஸ்லோவிக், பாருக் ஃபிஷ்ஹாஃப், சாரா லிக்டன்ஸ்டைன் ஆகியோர் இந்தக் கேள்வியை மக்களிடமே கொண்டு போனார்கள். புகைபிடித்தல், நீச்சல், எக்ஸ்ரே, மோட்டார் வாகனம், அணுமின்சாரம் என்று 30 விஷயங்களைக் கொடுத்து, ஆபத்தின் வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். பெண் வாக்காளர் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் கல்லூரி மாணவர்களும் அணுமின்சாரத்தை முதல் இடத்தில் வைத்தார்கள். நிபுணர்கள் அதை 20-ஆம் இடத்துக்குத் தள்ளி, மோட்டார் வாகனத்தை முதலில் வைத்தார்கள். எக்ஸ்ரேயோ நிபுணர்களின் பட்டியலில் 7-ஆவது, அந்தப் பெண்களின் பட்டியலில் 22-ஆவது. அணுமின்சாரத்திலும் எக்ஸ்ரேயிலும் இருப்பது கதிர்வீச்சுதான். ஆனால் எக்ஸ்ரேயை நமக்குத் தெரிந்த டாக்டர் நம் நன்மைக்காக எடுக்கச் சொல்கிறார்.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. எதில் ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று தனியாகக் கேட்டபோது, அணுமின்சாரத்தால் மிகக் குறைவான பேரே இறக்கிறார்கள் என்று அதே மக்கள் சரியாகவே சொன்னார்கள். எண் தெரிந்திருந்தும் அதை முதல் இடத்தில் வைத்தார்கள் என்றால், 'ஆபத்து' என்பதில் அவர்கள் சாவு எண்ணிக்கையைவிடக் கூடுதலாக எதையோ பார்த்தார்கள். அது என்ன என்பதை ஸ்லோவிக் குழு இரண்டாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, திகில்: கட்டுக்குள் வராதது, ஒரே நேரத்தில் பலரைக் கொல்வது, அடுத்த தலைமுறையைத் தொடுவது, பயன் ஒருவருக்கும் பாதிப்பு இன்னொருவருக்கும் போவது. மற்றது, தெரியாமை: கண்ணுக்குப் படாதது, புதியது, விளைவு பல ஆண்டுகள் கழித்து வருவது, அறிவியலுக்கே முழுதாகப் பிடிபடாதது. அணுமின்சாரம் இந்த இரண்டிலும் உச்சியில் இருந்தது. பைக் இரண்டிலும் கீழே கிடக்கிறது.

இதோடு மனத்தின் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எளிதில் நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாகத் தோன்றும். அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1970-களில் இதை விளக்கினார்கள். நம் கண்முன்னே அது நடந்ததும் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். அடுத்த நாள் மாரடைப்பு, அதற்கடுத்த நாள் மரணம். அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களில்தான் இரண்டாம் அலை வந்து போனது. லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டு நலமாக வீடு திரும்பினார்கள், ஆனால் அவர்களில் யாருக்கும் நமக்குத் தெரிந்த முகம் இல்லை. நாம் நேசித்த ஒருவரின் முகம் அந்த எண்ணிக்கை முழுவதையும் மறைத்துவிட்டது.

அச்சத்தால் போகும் உயிர்கள்

தவறான இடத்தில் வைத்த அச்சம் சும்மா கிடப்பதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் பயணம் செய்தார்கள். அடுத்த 12 மாதங்களில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1,600 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்ததாக ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மதிப்பிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்த பயணிகளின் எண்ணிக்கையைப்போல் இது பல மடங்கு. அவர்களுக்காக நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. அவர்கள் ஏன் இறந்தார்கள் என்று அவர்களின் குடும்பங்களுக்கேகூடத் தெரிந்திருக்காது.

ஃபுகுஷிமா இன்னும் கடினமான பாடம். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணு உலையைச் சிதைத்த பின், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். உலைக்கு அருகில் இருந்த மருத்துவமனையிலிருந்து படுக்கையோடு கிடந்த முதியவர்களைப் பேருந்துகளில் ஏற்றி மணிக்கணக்கில் அலைக்கழித்தார்கள். அப்படி வெளியேற்றப்பட்டதில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாம் வாழ்க்கை, மருந்து கிடைக்காமை, மனச்சோர்வு என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த மாகாணத்தில் பேரிடர் தொடர்பான சாவுகள் 2,300-ஐத் தாண்டின. கதிர்வீச்சால் நேர்ந்த சாவு என்று ஜப்பான் அரசு 2018-இல் ஏற்றுக்கொண்டது உலையில் வேலை பார்த்த ஒருவருடைய மரணத்தை. கதிர்வீச்சால் அந்த மாகாண மக்களின் உடல்நலத்தில் நேரடியாகப் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்பது ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழுவின் முடிவு. வெளியேற்றியதால்தான் கதிர்வீச்சு பலரை எட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் நகர்த்துவதிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது என்பதை அன்று யாரும் எடைபோடவில்லை. நோயாளிகளைச் சில நாள் கட்டடத்துக்குள்ளேயே வைத்து, மருத்துவ வசதியுள்ள வண்டிகள் வந்த பின் நகர்த்தியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

எண்ணைச் சொல்பவர் யார்?

இதுவரை படித்தவுடன் "அப்படியானால் எண்ணை நம்புவோம், பயத்தை விடுவோம்" என்று தோன்றலாம். அதற்கும் ஃபுகுஷிமாவே பதில் வைத்திருக்கிறது.

அந்த உலை 5.7 மீட்டர் உயர அலையைத் தாங்கும் என்ற கணக்கில் பாதுகாக்கப்பட்டிருந்தது. 15 மீட்டருக்கும் மேல் அலை வரக்கூடும் என்ற மதிப்பீடு 2008-லேயே உலையை நடத்திய நிறுவனத்துக்குள் எழுந்திருந்தது. அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. 2011-இல் வந்த அலை அந்த மதிப்பீட்டை நெருங்கியது. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012-இல் இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று அறிவித்தது. நிறுவனமும் அதைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பும் ஒன்றுக்கொன்று இணங்கிப் போனதைக் காரணம் காட்டியது. ஆக, 'இவர்கள் சொல்லும் எண்ணை நம்பலாமா' என்ற மக்களின் சந்தேகம் அறியாமையில் பிறந்ததாகச் சொல்ல முடியாது. நிகழ்தகவைக் கணக்கிடும் நிறுவனத்தின் நேர்மையும் அந்த நிகழ்தகவின் ஒரு பகுதிதான்.

போபாலில் நடந்ததும் இதுதான். யூனியன் கார்பைடு ஆலையில் கசிவுகள் நடப்பதைப் பார்த்து, 1982-லிருந்தே உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி எச்சரித்து எழுதி வந்தார். அப்போது அது அளக்க முடியாத கவலையாக மட்டுமே இருந்தது. 1984 டிசம்பர் 2 இரவு அது ஆயிரக்கணக்கான பிணங்களாயிற்று.

நம் தென்கோடியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த சில மாதங்களில் இடிந்தகரை மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2004 ஆழிப்பேரலையைக் கண்ட கடற்கரை அது. அங்கு கேட்கப்பட்ட கேள்விகளைப் பாருங்கள். உலையிலிருந்து வெளியேறும் சூடான நீரால் மீன்பாடு என்ன ஆகும்? எரிந்து தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள்? ஆபத்து வந்தால் எந்த வழியாக, எந்த வண்டியில் வெளியேறுவது? மின்சாரம் யாருக்குப் போகும், ஆபத்து யாரிடம் தங்கும்? கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தனை பேர் என்ற வகை எண் இவற்றில் ஒன்றுக்கும் பதில் ஆகாது. இவை நீதியையும் நம்பிக்கையையும் பற்றிய கேள்விகள்.

உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று உலை இயங்க அனுமதி அளித்தது. கூடவே 15 உத்தரவுகளையும் பிறப்பித்தது. உலைக்கு வெளியே எரிபொருள் கழிவைச் சேமிக்க ஐந்து ஆண்டுகளுக்குள் வசதி செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்தக் கெடு முடிவதற்குள் வேலை முடியவில்லை. கூடுதல் கால அவகாசம் கேட்டு வாங்கப்பட்டது. மீனவர்களின் கேள்வி பொருளற்றதாக இருந்திருந்தால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை உத்தரவாக எழுதியிருக்காது. அப்படிக் கேட்டவர்களை அறியாதவர்கள் என்றும் தூண்டப்பட்டவர்கள் என்றும் ஒதுக்கியதும், ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குப் போட்டதும் அச்சத்தைக் குறைக்கவில்லை, வளர்த்தன. ஆபத்து என்பது தீங்கும் சீற்றமும் சேர்ந்தது என்று அமெரிக்க ஆலோசகர் பீட்டர் சாண்ட்மன் சொல்வார். மக்களை மதிக்காமல் நடத்துவது அந்தச் சீற்றத்தைக் கூட்டும் முதல் காரணம்.

உறுதியான எண் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?

சில நேரம் எண்ணே கையில் இருக்காது. அப்போது என்ன செய்வது என்பதற்கு இந்தியச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. அது பிறந்தது பாலாற்றங்கரையில். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது தீர்ப்பிலேயே பதிவானது. மீட்க முடியாத சேதம் வரும் என்ற நிலையில் அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலை நடத்துபவருடையது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி ஆனது.

இந்தக் கோட்பாட்டுக்கும் எல்லை உண்டு. பல ஆண்டுகள் தேடியும் தீங்கு தெரியாத இடத்தில் அதையே பிடித்துத் தொங்கக் கூடாது. செல்போன் கதிர்வீச்சைப் புற்றுநோய்க்கு 'ஒருவேளை' காரணமாகலாம் என்ற பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வைத்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. செல்போன் கோபுரங்களுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே இந்தியா 2012-இல் வரம்பாக நிர்ணயித்தது. முன்னெச்சரிக்கை ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அதே செல்போனில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினால் விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கோபுரங்களுக்கு எதிரான நமது போராட்ட வலிமையில் பாதியையாவது இதற்குத் திருப்ப வேண்டாமா?

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

ஆபத்து பற்றிய செய்தி கைக்கு வந்ததும் சில கேள்விகளைக் கேட்டுப் பழகலாம்.

எத்தனையில் எத்தனை? 1995-இல் பிரிட்டனில் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது என்பதே அதன் பொருள். இரட்டிப்பு என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. கருத்தரிப்பும் கருக்கலைப்பும் அந்த மாத்திரையைவிட அதிக ரத்தக்கட்டு அபாயம் கொண்டவை.

இதைத் தவிர்த்தால் எதில் போய் விழுவேன்? விமானத்தை விட்டால் கார், ஊசியை விட்டால் நோய், அணுவை விட்டால் பெரும்பாலும் நிலக்கரி. மாற்று வழியின் எண்ணையும் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது.

கணக்கிட்டவர் யார், ஆதாயம் யாருக்கு, சுமை யாருக்கு? முதல் இரண்டுக்கும் பதில் ஒரே ஆளைக் காட்டினால் எண்ணை இன்னொருவரிடமும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

தவறு நேர்ந்தால் திருத்த முடியுமா? திருத்த முடியாத தீங்கானால் சிறிய வாய்ப்புக்கும் பெரிய கவனம் தேவை. பாழான நிலத்தடி நீர் ஒரு தலைமுறையில் திரும்பி வராது.

இது என் கையில் இருக்கிறதா? இருந்தால் இன்றே செய்யலாம். இல்லையென்றால் அது ஊர் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி. கிராம சபையும் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டமும் அதற்காகத்தான் இருக்கின்றன.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. எண்ணைச் சொல்லும்போது அது எப்படிக் கிடைத்தது, அதில் எது உறுதி, எது இன்னும் தெரியாது என்பதையும் தமிழில், புரியும்படி சொல்ல வேண்டும். "பயப்படத் தேவையில்லை" என்ற ஒற்றை வாக்கியம் யாருடைய பயத்தையும் இதுவரை போக்கியதில்லை. கழிவு எங்கே போகும் என்று கேட்பவருக்கு இடத்தையும் தேதியையும் எழுத்தில் தர வேண்டும். வெளியேறும் வழியைக் கேட்பவரோடு ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். அப்படி நடந்த இடத்தில் மக்களும் எண்ணைக் கேட்கத் தயாராகிறார்கள். நம்மைக் கொல்பவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டவை, தடுக்கும் வழியும் தெரிந்தவை. அவற்றுக்கு இன்றே செயல் தேவை. இன்னும் எண்ணப்படாதவற்றுக்கு நேர்மையான விசாரணை தேவை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க யாரையும் நாம் அனுமதிக்கக் கூடாது, நம்மையும் சேர்த்து.